தீராத கவலையும் நம் உடம்பும்

(பொன்விழாச் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் சாதனைகளைப் பேசுவது வழக்கம். நாம் இன்று சுமந்து வந்த பாரத்தைப் பற்றிப் பேசுவோம்.

நம் பெற்றோரில் பலர் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள். மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை. ரப்பர் விலை இறங்கினால் சம்பளம் இறங்கும். இவற்றையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: வேலை போனால் வீடும் போகும், ஏனெனில் லயம் தோட்டத்துடையது. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது அந்தப் பயம் பல குடும்பங்களில் உண்மையானது. 1967-இல் நம் மலாக்காவின் புக்கிட் ஆசாஹான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் நோக்கி நடந்தார்கள்.

தோட்டத்துக் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கும் நிம்மதி இல்லை. அரிசியும் பருப்பும் கடனுக்குப் போகும். ஆட்கள் கலைந்து போனால் கணக்குப் புத்தகம் மட்டும் மிஞ்சும். மனைவி மக்களோ கடலுக்கு அப்பால் ஊரில்.

இது உடம்பை என்ன செய்கிறது? பால்மரத்தடியில் நாகத்தைக் கண்டால் நொடிப்பொழுதில் நெஞ்சு படபடக்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, நரம்பின் கட்டளையால் அட்ரினலினைப் பாய்ச்சுகிறது. சில நிமிடங்களில் மூளையின் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் சொல்லியனுப்ப, அதே சுரப்பி கார்ட்டிசோலையும் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, செரிமானம் மந்தமாகிறது. பாம்பு போனதும் கார்ட்டிசோலே மூளைக்குப் ‘போதும்’ என்கிறது. அமைதி தரும் நரம்புகள் வேலையைத் தொடங்குகின்றன. இது உயிர் காக்கும் ஏற்பாடு.

ஆனால் கடனும் வாடகையும் ஊர்ந்து போய்விடும் பாம்பு அல்ல. விழித்த சற்று நேரத்தில் உச்சத்தில் இருந்து, நள்ளிரவில் அடங்க வேண்டிய கார்ட்டிசோல், தீராத கவலையில் தன் ஒழுங்கை இழக்கிறது. சிலருக்கு இரவிலும் அடங்குவதில்லை. சிலருக்குக் காலையிலேயே எழுவதில்லை. தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, நினைவாற்றல் தளர்கிறது.

புக்கிட் ஆசாஹான் மக்கள் நடந்த அதே 1967-இல், லண்டனில் அரசு ஊழியர்களிடையே வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. நிரந்தர வேலையில் இருந்தவர்களிலேயே, மேல்நிலை அதிகாரிகளைவிடக் கீழ்நிலை ஊழியர்கள் இருதய நோயால் அதிகம் இறந்தார்கள். தன் வேலைமீது தனக்கு அதிகாரம் இல்லாதவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று பின்னர் வந்த இரண்டாம் ஆய்வு காட்டியது. பால்வெட்டுத் தொழிலாளியைவிட அதிகாரம் குறைந்தவர் யார்?

2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. உணவும் பரம்பரையும் இதற்குப் பெரிய காரணங்கள். இனிப்புத் தேத்தாரேயை மறந்துவிட்டுக் கவலைமீது மட்டும் பழி போட முடியாது. ஆனால் கவலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நாங்கள் அறிந்த ஒரு கடைக்காரப் பெரியவர் கல்லாவருகிலேயே சாய்ந்தார். மேசை அறையில் பிரஷர் மாத்திரைகள் பிரிக்காமல் கிடந்தன. மூன்று மாத வாடகை பாக்கி என்பது மௌத்துக்குப் பிறகுதான் பிள்ளைகளுக்கே தெரிந்தது. தினமும் அவரோடு தேநீர் குடித்த நாங்களும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எங்களுக்கு இன்றும் உண்டு.

ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு வெள்ளியில் அரசாங்கக் கிளினிக்கில் பார்க்கலாம். மாலையில் நடங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள், அமைதி நரம்பு அதற்குச் செவிசாய்க்கும். வீட்டில் சொல்ல முடியாததைச் சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் சொல்லலாம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைக் கூட்டியவர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். ஒருவர் சுமையை நாலு பேர் தாங்கினால் கனம் குறையும் என்று மட்டும் அறிந்திருந்தார்கள். மாதத்தில் ஒரு மாலை, பிரஷர் பார்க்கும் கருவியோடும் ஒரு சட்டித் தேநீரோடும் இந்தக் கட்டடத்தின் கதவு திறந்திருக்கட்டும். வருகிறவரிடம் முதலில், “வீட்டில் எப்படி இருக்கிறது?” என்று கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம்.