சிசுவின் மூச்சுப் பாதை

(பட்டினப்பாக்கத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தப் பட்டினப்பாக்கத்தின் அருகிலேதான் அடையாறு கடலோடு கலக்கிறது. முகத்துவாரத்தில் மணல் திட்டு விழுந்து அடைத்துக்கொண்டால், அதை வெட்டித் திறந்துவிட வேண்டியிருக்கிறது. ஆறு எவ்வளவு பெரிதாயினும், அதன் வாய் அடைபட்டால் பயனில்லை. சிசுவின் மூச்சுப் பாதையும் அத்தகையதே.

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆகிய குறைகளுடன் உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று பிறக்கிறது. கர்ப்பிணி கிரகணம் பார்த்ததால் இக்குறை நேர்ந்தது என்று தாயைப் பழிப்போர் இன்றும் உளர். இது தவறு. கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் முகத்தின் பகுதிகள் ஒன்றுகூடத் தவறுவதே காரணம். இக்குறையை அறுவைச் சிகிச்சையால் சீர்படுத்தலாம்.

அச்சிகிச்சையில் கத்தியைவிட மயக்க மருந்தே மிகுந்த கவனத்தை வேண்டுவது. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதன் உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால், வழியின் முக்கால் பங்கு அடைபட்டுவிடும். வாய்க்குள் நாக்கோ பெரிது. எடைக்கு எடை பார்த்தால் பெரியவரைப்போல் இருமடங்கு பிராணவாயுவைக் குழந்தை செலவிடுகிறது. ஆதலால் மூச்சு நின்றால் வெகு விரைவில் ஆபத்து நேரும். மோவாய் சிறுத்துப் பிறந்த குழந்தைக்கு நாக்கு பின்னே சரிந்து தொண்டையை அடைக்கும். பிரெஞ்சு மருத்துவர் பியேர் ரோபின் 1923-இல் இதனை விவரித்தார்.

இத்தகைய குழந்தைகளுக்குக் குழாய் செலுத்தும் வரையில், தானாக மூச்சு விடும் சக்தியைப் போக்காமலே மயக்கம் அளிப்பது மருத்துவர்களின் வழக்கம். குரல்வளையைக் காட்டும் கருவி, தொண்டையில் பொருத்தும் முகமூடிக் குழாய், வளைந்து செல்லும் நுண்நோக்குக் குழல் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைப்பர். ஒரு வழி பலிக்காவிடில் மறுவழி. எதுவும் பலிக்காவிடில் கழுத்தில் துளையிட்டு மூச்சு வழி அமைப்பர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் பிலிப் அயர் 1937-இல் இக்குழந்தைகளுக்கென எளிய மயக்கக் குழாய் ஒன்றை வகுத்தார். அவரும் பிளவுடன் பிறந்தவரே.

இவ்வளவும் மருத்துவர் பொறுப்பு. நமது பொறுப்பு யாது? நமது அனுபவம் ஒன்றைக் கூறுகிறோம்.

வட்டாரத்தில் ஒரு குழந்தைக்கு அண்ணப் பிளவு, மோவாயும் சிறியது. கிரகணப் பழிக்கு அஞ்சி, பல மாதங்கள் குழந்தையை வெளியே காட்டாதிருந்தனர். பின்னர் நாம் வற்புறுத்திச் சிகிச்சைக்கு அனுப்பினோம். இரவு முதல் பால் கொடுக்கலாகாது என்று கூறப்பட்டிருந்தது. குழந்தை அழுதது பொறாமல், விடியற்காலையில் பாட்டி பசும்பால் புகட்டிவிட்டார். அறுவை அறையின் வாசலில் தாய் அதைச் சொன்னாள். சிகிச்சை ஒத்திவைக்கப்பட்டது. சொல்லாதிருந்தால், மயக்கத்தில் வயிற்றுப் பால் மேலேறி நுரையீரலில் புகுந்திருக்கக்கூடும். பாட்டியை எல்லோரும் கடிந்தனர். ஆனால் குற்றம் நம்முடையது. கட்டளையைச் சொன்னோம், காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் அறிந்த பாட்டி, அடுத்த முறை குழந்தையைத் தோளில் போட்டு விடியும்வரை உலாவினார். சிகிச்சை நல்லவிதமாக முடிந்தது.

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

பிளவுடன் பிறந்த குழந்தையை உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டச் செய்யுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வருகின்றனர். அவர்கள் மூலம் மாவட்ட மையத்துக்கு அனுப்பலாம்.

உறங்கும்போது குறட்டை, நெஞ்சு உள்வாங்குதல், பால் குடிக்கையில் உதடு நீலமாதல் ஆகியவற்றை மருத்துவரிடம் தவறாது சொல்லச் செய்யுங்கள். சளி, இருமல் இருந்தால் மறைக்கலாகாது.

பொதுவாகத் தாய்ப்பாலை மயக்கத்துக்கு 4 மணி நேரம் முன்பும், பசும்பாலை 6 மணி நேரம் முன்பும் நிறுத்துவர். மருத்துவர் குறிக்கும் நேரமே முடிவானது. அதை வீட்டிலுள்ள எல்லோருக்கும், முக்கியமாகப் பாட்டிமார்க்கு, காரணத்துடன் சொல்லுங்கள்.

மடை அடைபட்டால் பயிர் வாடுவதை அறிந்தவர் நீங்கள். இச்சிறு மடையையும் காத்து நிற்பீர்களென நம்புகிறோம்.