வலம்புரியும் போலியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கொல்கத்தாவில் வாழும் தமிழருக்குச் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்று சிலர் வினவலாம். இந்நகரத்து மணமான மங்கையர் கையில் ஒளிரும் வெண்வளை, தலைமுறை தலைமுறையாக நம் தூத்துக்குடி, கீழக்கரைக் கடலிற் குளித்தெடுத்த சங்கை அறுத்துச் செய்யப்பட்டு வந்ததே. ஆயினும் போலிச் சங்கிற்குப் பொன் கொடுத்தவர் நம்மவருள்ளும் உளர். சென்ற ஆண்டு அன்பர் ஒருவர், மகள் திருமணத்திற்கெனச் சேர்த்த பொருளில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கிய 'வலம்புரி'யை நம்மிடம் காட்டினார். அதைக் கையில் வாங்கிய அளவில் நமக்கு நா எழவில்லை.

சங்கின் சுருள் குவிந்த முடியை மேலாகவும், வாயை நம்மை நோக்கியும் பிடித்துப் பாருங்கள். வாய் நமக்கு வலப்புறம் அமைந்தால் அது இடம்புரி. இடப்புறம் அமைந்தால் வலம்புரி. பெயர் மாறியுள்ளதே என மயங்க வேண்டா. நீண்ட மூக்கை மேலாகப் பிடித்துப் பெயரிடுவது நம் நாட்டு வழக்கு; முடியை மேலாகப் பிடிப்பது உயிர்நூலார் வழக்கு.

திசை மட்டும் சான்றாகாது. அமெரிக்கக் கீழ்க்கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் ஒருவகைச் சங்கிற்கு வாய் இயல்பாகவே அவ்வாறு அமைந்திருக்கும். ஆங்கு அது அரிய பொருளன்று. அதனை மெருகிட்டு வலம்புரியென விற்கின்றனர். நம் கடற்சங்கின் வாயினுள்ளே, நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வயல்வரப்புப் போல எழுந்து நிற்கும். விரலை விட்டால் தட்டுப்படும். அயற்சங்கில் அம்மடிப்புகள் இரா. அன்பரின் சங்கில் விரல் வழுக்கிச் சென்றது. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கும் என்றாராம் விற்றவர். எச்சங்கும் அவ்வாறு ஒலிக்கும், வெறுங்குவளையும் ஒலிக்கும்!

வலம்புரியின் விலை, அருமையும் வழிபாடும் சேர்ந்த விலை. இடம்புரிக்கோ விட்டமும் ஓட்டின் தடிப்புமே விலை. உயிருடன் எடுத்த சங்கைப் பழுப்புத் தோல் போர்த்திருக்கும். அதனைக் களைந்தால் பீங்கான் அனைய வெண்மை தோன்றும். நெடுநாள் கரையிற் கிடந்து துளைபட்டது சுண்ணாம்புக்கே ஆகும்.

சோழியின் கதை வேறு. மாலத்தீவிலிருந்து கப்பலேறி வந்த சிறு மஞ்சட் சோழி, ஒரு காலத்தில் இவ்வங்கத்திலேயே பணமாக வழங்கியது. இன்று அது கைப்பிடிக் கணக்கிற் கிடைக்கும் எளிய பொருள். சேகரிப்போர் நோக்குவன வேறு: இயற்கை மெருகு மங்காமை, உதடு உடையாமை, உடைந்ததை அரத்தால் தேய்த்து மறைக்காமை. இவற்றோடு எந்தக் கடலில், எந்நாளில் கிடைத்தது என்னும் சீட்டும் வேண்டும். சீட்டில்லாச் சிப்பி அழகுப் பொருளேயன்றி ஆய்வுப் பொருளன்று என்பது நம் கருத்து.

அறையறையாய் அமைந்த நாட்டிலஸ், டிரைட்டன் எனும் பெருஞ்சங்கு முதலியன 2001ஆம் ஆண்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. கடைவீதியிற் கண்டாலும் கை நீட்ட வேண்டா.

அன்பர் சங்கைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார், விற்றவரைக் காணவில்லை. பின்னர் அதனை நம் சங்கத்திற்கே அளித்துவிட்டார். இம்மேசைமேல் மெருகிட்ட சங்குகள் இரண்டு உள. ஒன்று அவர் அளித்தது. மற்றொன்று தூத்துக்குடியிலிருந்து வந்த இடம்புரி. சீட்டு ஒட்டவில்லை. கூட்டம் முடிந்தபின் அன்பர்கள் வந்து, வாயின் திசை பார்த்து, விரலிட்டும் பார்க்கலாம்.