மண்ணுக்குள் பார்க்கும் அலை
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நிலத்தைத் தோண்டாமலே நிலத்துக்குள் புதைந்திருப்பதைக் காணும் முறை. "மை போட்டுப் பார்க்கும் வித்தையோ?" என்று சிலர் எண்ணக்கூடும். மை அன்று, ரேடார் அலை.

புதைபொருள் ஆராய்ச்சியில் தீராத சங்கடம் ஒன்று உண்டு. அகழ்வதும் ஒருவகையில் அழிப்பதே. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்காலத்தில் மேலோவியங்கள் சிலவற்றை வல்லுநர்கள் சிதையாமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்துக் காத்தார்கள். இரண்டும் பிழைத்தன. மண்ணடுக்கை அவ்வாறு பெயர்த்து வைக்க வழியில்லை. மேல் அடுக்கை வெட்டி எறிந்தால்தான் கீழ் அடுக்கு தெரியும், வெட்டியது வெட்டியதுதான். குறிப்பேடும் படமுமே மிஞ்சும்.

இங்கேதான் ரேடார் கைகொடுக்கிறது. கிணற்றில் கல்லைப் போட்டு, ஓசை வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடுகிறோம் அல்லவா? அதே கணக்குத்தான். சிறு வண்டியில் பொருத்திய கருவி, ரேடியோ அலைத் துடிப்புகளை மண்ணுக்குள் செலுத்துகிறது. மண் முடிந்து கல் தொடங்கும் இடத்திலும், சுவர் முடிந்து வெற்றிடம் தொடங்கும் இடத்திலும் அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் இவ்வலை காற்றில் 30 சென்டிமீட்டர் செல்லும். மண்ணில் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே செல்லும். ஏர் உழுவதுபோல் வரிவரியாக வண்டியை ஓட்டி, வந்த எதிரொலிகளைக் கணிப்பொறியில் சேர்த்தால் ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு வரைபடம் கிடைக்கிறது.

ரோமாபுரிக்கு வடக்கே 50 கிலோமீட்டர் தொலைவில் ஃபலேரி நோவி என்றொரு பழைய நகரம் உண்டு. கி.மு. 241-இல் தோன்றி, கி.பி. 700 வரையில் மக்கள் வாழ்ந்த ஊர். கேம்பிரிட்ஜ், கென்ட் பல்கலைக்கழகத்தார் அதன் 30.5 ஹெக்டேர் பரப்பையும் 12.5 சென்டிமீட்டருக்கு ஓர் அளவீடு என்ற நெருக்கத்தில் ஆராய்ந்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். கோயில், அங்காடி, நீராடு மண்டபம் எல்லாம் படத்தில் எழுந்தன. தண்ணீர்க் குழாய்கள் தெருவோரமாக மட்டுமின்றி, கட்டடத் தொகுதிகளின் அடியிலும் ஓடியது தெரிந்தது. கட்டடம் எழுவதற்கு முன்பே குழாய் பதித்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். தார்ச்சாலை போட்ட மறுவாரமே குழாய்க்காகத் தோண்டுவதைக் கண்டு பழகிய நமக்கு இது சற்றுப் பொறாமை தரும் செய்தி! இத்தனைக்கும் அவர்கள் மண்வெட்டியைத் தொடவில்லை.

ஆயினும் இக்கருவிக்குக் குறைகள் உண்டு. ஈரக் களிமண்ணும் உவர் மண்ணும் அலையை விழுங்கிவிடும். மர வேரும் பாறைத் துண்டும் ஆளை ஏமாற்றும். எல்லாவற்றினும் பெரிய குறை, அது வடிவத்தைச் சொல்லுமேயன்றி வயதைச் சொல்லாது. வயதறியப் பானை ஓடோ கரித்துண்டோ கையில் கிடைத்தாக வேண்டும். நம் கீழடியிலும் இத்தகைய கருவியைக் கொண்டு நிலத்தடியை ஆராய்ந்தார்கள். ஆயினும் அவ்வூரின் காலத்தைச் சொன்னது குழியிலிருந்து எடுத்த கரியே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நார்வே நாட்டில் யெல்லெஸ்டாட் என்னுமிடத்தில் 2018-இல் ரேடார் ஒரு கப்பலைக் காட்டியது. நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். வைக்கிங் மக்கள் இறந்தவரைப் புதைக்கக் கரையேற்றிய கப்பல். உழுநிலத்துக்கு அரை மீட்டர் கீழே கிடந்தது. அதைத் தொடாமல் விட்டுவைக்கலாம் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் மரத்துண்டை எடுத்துச் சோதித்தபோது பூஞ்சை அதை அரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆகவே 2020-இல் அகழ்ந்தார்கள். மரத்தின் பெரும்பகுதி மக்கிப்போய், அதன் சுவடும் இரும்பு ஆணிகளுமே மிஞ்சியிருந்தன. பொறுத்திருந்தால் அவையும் குறைந்திருக்கும். எதைத் தோண்டுவது, எதை விட்டுவைப்பது என்பதை ரேடார் முடிவு செய்வதில்லை. மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

இதைப் பற்றிப் பேசினாலே, "புதையல் தெரியுமா?" என்று கேட்பவர் ஒருவராவது இருப்பார். உலோகம் நன்றாகவே தெரியும். ஆனால் அது பொற்குடமா, துருப்பிடித்த இரும்புச் சட்டியா என்று கருவி சொல்லாது. அதற்குத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.