வெள்ளைப் பூச்சி வரும் ராத்திரி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இன்னும் பத்து நிமிஷம் ஒரு பூச்சியைப் பற்றிப் பேசணும். இதுவும் கடன் விஷயம்தான். ஆடிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைக்க நம் குழுக்களில் எத்தனை பேர் உள்கடன் எடுக்கிறோம்! அந்தக் கடனை வட்டியோடு சேர்த்துத் தின்றுவிட்டுப் போவது கம்பளிப்பூச்சி.

கம்பளிப்பூச்சியைத் தெரியாதவங்க செங்கம் பக்கம் யாரும் இல்லை. செம்பட்டை மயிர், இரண்டு முனையிலும் கறுப்புப் பட்டை, வளர்ந்தால் இரண்டு அங்குல நீளம். ஆனால் அதன் தாயை எத்தனை பேர் அடையாளம் சொல்வோம்? மழை விட்ட ராத்திரியில் விளக்கைச் சுற்றுமே ஒரு வெள்ளை அந்துப்பூச்சி, அதுதான். முன் இறக்கை வெள்ளை, அதில் பழுப்புக் கோடுகள், மேல் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு. பின் இறக்கையில் கறுப்புப் புள்ளிகள். பார்க்க அழகாகவே இருக்கும். பயிரைக் கடிக்காது. அதனால் அதை எதிரி என்று யாரும் நினைப்பதில்லை.

தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று மானாவாரி நிலம் இருக்கிற இடமெல்லாம் இது உண்டு. வடநாட்டுப் பக்கம் இதற்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்குக் கோடுகள் சிவப்பு!

இதன் வாழ்க்கையைக் கேளுங்க. ஒரு தாய்ப்பூச்சி இலைக்கு அடியில் கூட்டமாக 600, 700 முட்டை இடும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். பச்சை நிறக் குஞ்சுப் புழுக்கள் முதலில் ஒரே இலையில் கும்பலாக இருந்து சுரண்டும். அந்த நேரத்தில் இலையோடு கிள்ளி எடுத்தால் ஒரு குடும்பமே போச்சு. விட்டுவிட்டால் 40, 50 நாள் தின்னும். ஒரு கொல்லை மொட்டையானதும் கூட்டமாக அடுத்த கொல்லைக்கு நடக்கும். பெரிய புழுவுக்கு மருந்து அடிப்பது பெரும்பாலும் மருந்துக் கடைக்குத்தான் லாபம். முன்பு தூவிய பி.எச்.சி. பொடியை அரசே 1997-இல் தடை செய்துவிட்டது.

தின்று முடித்ததும் வரப்போரம், மர நிழல் பார்த்து மண்ணுக்குள் நாலு முதல் எட்டு அங்குல ஆழத்தில் இறங்கி கூட்டுப்புழு ஆகிவிடும். அங்கேயே பத்து மாசம் தூக்கம்! அடுத்த வருஷம் நல்ல மழை பெய்து மண் நனைந்ததும், சாயங்கால நேரத்தில் பூச்சியாகி வெளியே வரும். அதாவது அடுத்த வருஷத்துப் பூச்சி இப்போதே நம் வரப்பில்தான் படுத்திருக்கிறது.

அதனால்தான் கோடை உழவை விடாதீங்க என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். உழும்போது கருஞ்சிவப்பாகப் பேரீச்சங்கொட்டை மாதிரி புரண்டு வருமே, அதுதான் கூட்டுப்புழு. காக்காயும் மைனாவும் ஏர் பின்னாலேயே வந்து பொறுக்கும். ஆனால் டிராக்டர் வரப்பை உழாது. வரப்போரத்தையும் மரத்தடியையும் நாம்தான் மண்வெட்டியால் கிளறணும்.

அடுத்து அந்த மழை ராத்திரி. ஏழரை மணியிலிருந்து பதினொரு மணி வரை விளக்குப் பொறியோ தீயோ வைத்தால் பூச்சி தேடி வந்து விழும். பெட்ரோமாக்ஸ் இல்லையா, எல்.இ.டி. பல்பு போதும். கீழே தொட்டியில் தண்ணீர், அதில் கொஞ்சம் சோப்புத்தூள். நூறு தாய்ப்பூச்சி முட்டை இடுவதற்கு முன் விழுந்தால் அறுபதாயிரம் புழு பிறக்காது.

"எங்க கொல்லையில மட்டும் வெச்சா போதாதா?" என்று ஓர் அக்கா கேட்டாங்க. போதாது. பக்கத்துக் கொல்லையில் பிறந்த புழு நடந்து வரும். தெலங்கானாவில் 1980-களின் கடைசியில் ஆமணக்கை இந்தக் கம்பளிப்பூச்சி அழித்தபோது, ஊரே ஒன்றாகத் தீ மூட்டித்தான் அடக்கினாங்க. அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்த மருந்தில்லா விவசாயத்தை, 2004-க்குப் பிறகு ஆந்திராவில் ஊர் ஊராகக் கொண்டுபோனது யார் தெரியுமா? நம்மை மாதிரி மகளிர் குழுக் கூட்டமைப்புகள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் புழு வந்துவிட்டால், அது வருகிற பக்கம் ஒரு அடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் பள்ளம் எடுங்க. எருக்கு, காட்டாமணக்குக் கிளைகளைப் போட்டு வைத்தால் அதில் வந்து அடையும், காலையில் அள்ளி அழிக்கலாம். வெறுங்கையால் தொடாதீங்க, அரிப்பு தாங்காது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதிட்டு வரணும்: எந்தெந்தக் கொல்லையில் விளக்கு, தொட்டி யார் வீட்டுது, மழை பெய்தால் யார் யாருக்குப் போன் பண்ணுவது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் காட்டு ஓரம் நிலம் வைத்திருக்கிறவங்க மட்டும் தீ மூட்டவே வேண்டாம், விளக்கோடு நிறுத்திக்கோங்க.