பாட்டியின் முகத்தைப் பேரன் எடுக்கட்டும்



கேமரன் மலையில் கியா பார்ம் சந்தைக்கு வரும் சுற்றுப்பயணிகள், வழியெல்லாம் தேயிலைத் தோட்டத்தைப் படமெடுக்கிறார்கள். படத்தில் பச்சை மலை இருக்கும். அங்கே கொழுந்து பறித்துக் கை காய்த்துப்போன நம் பாட்டிகளின் முகம் இருக்காது. அதை எடுக்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்.

கொல்கத்தா சோனாகாச்சியில் ஜானா பிரிஸ்கி சிறுவர்களுக்குப் புகைப்படக்கலை கற்பித்தார். அதைக் காட்டிய ஆவணப்படம் 2005இல் ஆஸ்கார் விருது பெற்றது. தமிழகத்தில் எம். பழனிகுமார் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

நாமும் ஒரு பட்டறை நடத்தலாம். கைத்தொலைபேசியே போதும். முதலில் பாட்டியிடம் அனுமதி கேட்க வேண்டும். பிறகு சன்னலோரம் உட்காரவைத்து, முகத்தைச் சற்றே வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொல்லலாம். மூடுபனி நாளில் வெளிச்சம் மென்மையாக விழும். கடும் நிழல் இராது. பழைய கதையைக் கேளுங்கள். பேசப் பேச முகம் இளகும். அப்போது எடுங்கள்.

பத்துப் பிள்ளைகள் எடுத்தால் பத்துப் பாட்டிகள் தெரிவார்கள். ஆசிரியர் "தப்பு" என்று சொல்லாமல், "ஏன் இப்படி எடுத்தாய்?" என்று கேட்டாலே கற்பனை வளரும்.

படத்தின்கீழ்ப் பாட்டியின் பெயரையும் பிள்ளைகளே எழுதட்டும். தேயிலைப் பொட்டலத்தில் இல்லாத பெயர் அது.