தோரியக் கல்லும் காலத்தின் திசையும்



1904ஆம் ஆண்டில், இலங்கைக் கனிப்பொருளாய்வின் பணிப்பாளராக ஆனந்த குமாரசுவாமி அவர்கள் கடமையாற்றிய நாட்களில், பலாங்கொடைப் பகுதியிலே கரிய நிறமும் மிகுந்த பாரமுமுடைய புதிய கனிப்பொருளொன்று உலகறிய வந்தது. தோரியனைற்று என்று நாமகரணஞ் செய்யப்பெற்ற அதன் பெரும்பகுதி தோரியம் ஈரொட்சைட்டு. கலாவிமர்சகராகப் பிற்காலத்திற் கீர்த்தியெய்திய அப்பெரியார், முதலிற் கற்களைப் படித்தவர் என்பதை நம்மவரிற் பலர் மறந்தே போயினர், அது நிற்க.

அதே சேர்வையை வில்லையாக்கி, லேசர் ஒளியால் தாக்கி, கடுங்குளிரான நியோன் வாயுவினூடே தோரியம் ஓரொட்சைட்டு மூலக்கூறுகளைக் கற்றையாகச் செலுத்தி, ஹாவர்ட், யேல் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள் இலத்திரனிடம் ஒரு கேள்வி கேட்டனர்: உன் மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா?

சாய்ந்தால் என்ன என்பீர்கள். சுழலும் பம்பரத்தைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால் சுழற்சி மறுதிசையாகும்; அதன் தலையிற் பூசிய மையோ தலையிலேயே நிற்கும். இலத்திரனின் மின்னேற்றமும் சுழற்சியச்சின் ஒரு முனை நோக்கிச் சாய்ந்திருக்குமாயின், காலத்தின் இரு திசைகளுக்கும் இயற்கையின் நியதி ஒன்றல்ல என்றாகிவிடும். ஆதியிற் சமமாகத் தோன்றியிருக்க வேண்டிய சடமும் எதிர்ச்சடமும் ஒன்றையொன்று முற்றாக அழித்துவிடாமல், சடம் மாத்திரம் எஞ்சியதன் இரகசியம் இத்தகைய சமச்சீர்க் குலைவிலேயே இருக்கக்கூடுமென 1967இல் பௌதிகவியலாளர் சகாரோவ் காட்டினார்.

உயர்தர வகுப்பில் இதை நான் விளக்கியபோது, "சேர், இலத்திரனைத் தனியே மின்புலத்தில் வைத்துப் பார்த்தால் என்ன?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். கெட்டிக்காரக் கேள்வி. தனி இலத்திரன் மின்புலத்தில் நில்லாது ஓடிவிடும். அன்றியும், இம்மூலக்கூற்றினுள் அது உணரும் புலம் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ எண்ணாயிரங் கோடி வோல்ற்று. எந்த ஆய்வுகூடத்து மின்தட்டுகளாலும் ஆக்கவியலாத பிரமாண்டம். எனக்கு இத்துறையில் ஆகப் பிடித்த சங்கதி, நேயர்களே, இதுதான்: மைல்கணக்கில் நீளும் இயந்திரம் வேண்டாம், ஒரு மூலக்கூறே ஆய்வுகூடமாகிவிடுகிறது.

விடை? 2018இல் சாய்வெதுவும் தென்படவில்லை. சாய்வு இருந்தாலும், இலத்திரன் மின்னேற்றம், சென்ரிமீற்றர் என்னும் அலகுகளில், தசமப் புள்ளியின் பின் 28 பூச்சியங்கள் இட்டு எழுதுமளவுக்கு அது சிறியதாயிருக்க வேண்டும். 2023இல் கொலராடோவில் ஹாப்னியம் புளோரைட்டு அயனைக் கொண்டு அவ்வெல்லையை மேலும் குறுக்கினர். அந்த ஹாப்னியம் சேர்கோன் மணலிற் கலந்திருப்பது; சேர்கோனோ நம் கிழக்குக் கரையின் புல்மோட்டையிற் குவிந்து கிடப்பது!

பௌதிகவியல் கடினமென்று பிள்ளைகளை வேறு துறைக்குத் திருப்ப எண்ணும் கல்முனைப் பெற்றோரே, சம்மாந்துறையிலேயே பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. ஆசையுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள்.