மாலை ஐந்து மணி வகுப்பு

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழகத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அதற்குள் தஞ்சையில் ஒரு சம்பா அறுத்து, அடுத்த நடவும் ஆகிவிட்டது. ஒன்றாம் வகுப்பறையையே பார்க்காத பிள்ளை இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தது. பள்ளி மூடியிருந்தபோது பாடம் கைபேசியில்; வீட்டிலோ ஒரே கைபேசி. அப்பா எடுத்துப்போனால் பாடமும் போச்சு.

பிறகு தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தது. மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில், கோயில் மண்டபத்தில், நம் தெருப் பெண்களே சொல்லிக்கொடுத்தார்கள். தமிழகக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வின்படி, இழந்த கற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டது. மீண்டதில் ஏறக்குறைய கால்வாசி இந்த மாலை வகுப்புகளால். எவ்வளவு பெரிய காரியம்!

மீதி ஒரு பங்கு? இன்று வகுத்தல் கணக்கில் திணறும் பிள்ளையைத் திட்டாதீர்கள். எங்கே விட்டுப்போனதென்று கேட்டு, அங்கிருந்து சொல்லிக்கொடுங்கள்.